பல்லாவரத்துக் கல்லில் வரியில்லை, லால்பாகில் உண்டு: உருமாறிய பாறைகளின் இழையமைப்பு

பள்ளிப் பாடத்தில் உருமாறிய பாறைகள் ஒரு ஜோடிப் பட்டியலாக வரும். கிரானைட் நீஸ் ஆகும், பசால்ட் சிஸ்ட் ஆகும், சுண்ணாம்புக்கல் சலவைக்கல் ஆகும், மணற்கல் குவார்ட்சைட் ஆகும். காரணம் வெப்பமும் அழுத்தமும். தேர்வுக்கு இது போதும். கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு இது என்ன, எப்படி வந்தது என்று கேட்பவருக்குப் போதாது. பசால்ட் சிஸ்ட்டோடு நிற்பதில்லை. இன்னும் சூடேறினால் ஆம்பிபோலைட், அதையும் தாண்டினால் கிரானுலைட். அதே பசால்ட் கடலடித் தட்டோடு சேர்ந்து, சூடேற நேரமில்லாமல் வேகமாக ஆழத்துக்குப் போனால் நீலச் சிஸ்ட், பிறகு எக்லோகைட். நீஸும் கிரானைட்டுக்கு மட்டும் உரியதல்ல. கடலடிச் சேறுகூடக் கடைசியில் நீஸாகிவிடும்.

பெயர்களிலேயே இரண்டு வகை கலந்து கிடக்கிறது. ஸ்லேட், சிஸ்ட், நீஸ் என்பவை கனிமங்கள் எந்த அளவில், எந்த ஒழுங்கில் கிடக்கின்றன என்பதை, அதாவது இழையமைப்பைச் சொல்லும். சலவைக்கல், குவார்ட்சைட், ஆம்பிபோலைட் என்பவை உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து மனப்பாடம் செய்வதால்தான் பலருக்கு இந்தப் பாடம் பிடிபடுவதில்லை. இழையமைப்பைத் தனியாகப் பார்க்கப் பழகினால், அந்தக் கல் எவ்வளவு சூட்டில் இருந்தது, எந்தப் பக்கத்திலிருந்து நெருக்கப்பட்டது, அப்போது அதில் நீர் இருந்ததா என்ற மூன்றையும் ஓரளவு படித்துவிடலாம். இந்த மூன்றாவது விஷயம், நீர், பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் வருவதே இல்லை. தென்னிந்தியப் பாறைகளைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம்.

உருகாமல் மாறுவது

உருமாற்றம் முழுவதும் திட நிலையில் நடக்கிறது. உருகி உறைந்தால் அது தீப்பாறை. கீழ் எல்லை சுமார் 200 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே நடப்பது வெறும் படிவு இறுகுதல். மேல் எல்லை பாறையைப் பொறுத்தது. நீர் உள்ள கிரானைட் அல்லது களிமண் வகைப் பாறை 650 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கிவிடும். நீரில்லாத பாறை 900 டிகிரியைத் தாண்டியும் பெரும்பகுதி திடமாகவே நிற்கும்.

நிலையான கண்டப் பகுதியில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி சூடு ஏறுகிறது. அழுத்தம் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டருக்கு ஒரு கிலோபார், அதாவது சுமார் 1,000 வளிமண்டல அழுத்தம், கூடுகிறது. 15 கிலோமீட்டர் ஆழத்தில் 400 டிகிரியும் 4 கிலோபாரும் கிடைக்கும். ஆனால் அழுத்தம் என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மேலே கிடக்கும் பாறையின் எடை எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக அழுத்துகிறது. அது கனிமத்தை இன்னும் அடர்த்தியான வேறொரு கனிமமாக மாற்றும். எதையும் வரிசையாக நிறுத்தாது. தகடுகளும் வரிகளும் வருவதற்கு ஒரு திசையில் மற்ற திசைகளைவிட அதிகமாக நெருக்க வேண்டும். மலைகள் எழும் இடங்களில் கண்டங்கள் மோதும்போது கிடைப்பது இந்தத் திசை நெருக்கல்தான். எடையைவிட இதன் அளவு மிகக் குறைவு. ஆனாலும் இழையமைப்பில் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பங்கு இதன் கைவேலை.

சூடு செய்வது வேறு. சின்னக் கனிம மணிகள் பல இருப்பதைவிடப் பெரிய மணிகள் சில இருப்பது ஆற்றல் கணக்கில் லாபம். அதனால் சூடு போதுமானபோது பெரிய மணி சின்னதை விழுங்கி வளரும். ஒரே வகைப் பாறையில் மணி பெரிதாகப் பெரிதாக, அது அதிகச் சூட்டை அல்லது நீண்ட காலச் சூட்டைப் பார்த்தது என்று கொள்ளலாம்.

நீர் தரகு வேலை செய்கிறது. மணிகளுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று, ஓரிடத்தில் கரைந்த அணுக்களை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறது. அது இருந்தால் கனிம மாற்றம் சுலபமாக நடக்கும். அது போய்விட்டால் எல்லாம் அப்படியே உறைந்துவிடும்.

ஒரே சேறு, நாலு கல்

இழையமைப்பு படிப்படியாக மாறுவதைப் பார்க்க மிகச் சிறந்த மூலப்பொருள் சேறு. அதில் அலுமினியமும் நீரும் நிறைய உண்டு; சின்னச் சூட்டு மாற்றத்துக்கும் புதுக் கனிமம் முளைக்கும்.

முதல் படி ஸ்லேட். ஆந்திராவின் மார்க்காபுரம் பள்ளிச் சிலேட்டுக்குப் பேர்போன ஊர். அந்தக் கல்லில் மணிகள் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸ் வைத்தாலும் தெரியாது. ஆனால் தட்டினால் தட்டையான பலகையாகப் பிரியும். சேறு அடுக்கடுக்காகப் படிந்ததால்தான் இப்படிப் பிரிகிறது என்று நினைப்பது வழக்கமான பிழை. நல்ல ஸ்லேட் துண்டை எடுத்து அதன் வெட்டு முகத்தைப் பார்த்தால், சில சமயம் பச்சை, சாம்பல் நிறப் பட்டைகள் பிளவுக்குக் குறுக்கே சாய்வாக ஓடும். அந்தப் பட்டைகள்தான் பழைய படிவு அடுக்குகள். பிளவு அதற்குப் பின்னால் வந்தது. நெருக்கல் வந்தபோது மைக்கா (அபிரகம்) தகடுகள் மூன்று வழிகளில் ஒழுங்கானவை: சில திரும்பிப் படுத்தன, நெருக்கலை எதிர்கொண்ட முகங்களில் குவார்ட்ஸ் கரைந்து, நெருக்கல் குறைவான பக்கங்களில் போய்ப் படிந்தது, புதிதாக முளைத்த தகடுகள் நெருக்கலுக்குச் செங்குத்தான தளத்தில் வளர்ந்தன. அடுக்கும் பிளவும் ஒரே திசையில் இருப்பதும் உண்டு. மடிப்பின் பக்கவாட்டில் அப்படித்தான் இருக்கும். மடிப்பின் வளைவில் இரண்டும் வெட்டிக்கொள்ளும். களத்தில் இந்தக் கோணத்தை அளந்துதான் மண்ணுக்குள் மறைந்த மடிப்பின் வடிவத்தை ஊகிக்கிறார்கள்.

கொஞ்சம் கூடுதல் சூட்டில் பில்லைட். மணிகள் இன்னும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கல்லைத் திருப்பினால் பட்டுப்போன்ற மினுக்கம் வரும். 400, 450 டிகிரிக்கு மேல் சிஸ்ட்: இப்போது மைக்காத் தகடு ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், விரலால் உரித்தால் உதிரும். இந்தக் கட்டத்தில்தான் கார்னட் போன்ற பெருமணிகள் கல்லுக்குள் முளைக்கின்றன. சில கார்னட்டுகளை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், உள்ளே சிக்கிய குவார்ட்ஸ் துகள்கள் சுருள் வடிவில் கிடக்கும். கார்னட் வளர்ந்துகொண்டிருந்த நேரத்திலேயே சுற்றியிருந்த பாறை வழுக்கி நகர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இந்தச் சூட்டுப் படிகளை வரைபடத்தில் முதலில் குறித்தவர் ஜார்ஜ் பாரோ. 1893-இல் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில், ஒரே வகைச் சேற்றுப் பாறையில் எந்த இடத்தில் எந்தக் கனிமம் முதலில் தலைகாட்டுகிறது என்று பார்த்துக் கோடு போட்டார். பின்னால் வந்தவர்கள் விரிவாக்கிய அந்த வரிசை இன்றும் பாடத்தில் இருக்கிறது: குளோரைட், பயோடைட், கார்னட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட். இதில் கயனைட்டும் சில்லிமனைட்டும், கூடவே ஆண்டலூசைட்டும், வேதியியல்படி ஒரே பொருள். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. சுமார் 500 டிகிரி, 4 கிலோபாரை ஒட்டி மூன்றும் சந்திக்கின்றன. அழுத்தம் அதிகமானால் கயனைட், சூடு அதிகமானால் சில்லிமனைட், அழுத்தம் குறைவானால் ஆண்டலூசைட். அதனால் கல்லில் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே ஆழத்துக்கும் சூட்டுக்கும் ஒரு வரம்பு கிடைத்துவிடும்.

650 டிகிரியைத் தாண்டும்போது வெள்ளை மைக்காவும் குவார்ட்ஸும் சேர்ந்து சில்லிமனைட்டாகவும் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாராகவும் மாறி நீரை வெளியே விடுகின்றன. தகடு வடிவக் கனிமம் குறையக் குறையக் கல் உரிவது நிற்கிறது. இப்போது அது நீஸ்: வெளிர்ப் பட்டையில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், கரும்பட்டையில் பயோடைட் என்ற கருப்பு மைக்காவும் ஹார்ன்பிளண்டும். சிஸ்ட் உரியும், நீஸ் உரியாது. கையில் வைத்துப் பார்ப்பவருக்கு இவ்விரண்டையும் பிரிக்க இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் போதும். இந்தப் பயணம் முழுவதிலும் பாறை நீரை இழந்துகொண்டே வருகிறது. ஸ்லேட்டில் எடையில் நூற்றுக்கு நாலைந்து பங்கு நீர் கனிமங்களுக்குள் கட்டுண்டு கிடக்கும். கடைசிப் படியில் ஒரு பங்குகூட இருக்காது.

வரி எங்கிருந்து வந்தது

நீஸின் வரிகளைப் பார்த்ததும் இதுதான் பழைய அடுக்கு என்று முடிவு கட்டுவது ஆபத்து. வரி வருவதற்கு வழிகள் பல. பெங்களூர் லால்பாகின் குன்று, தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட தீபகற்ப நீஸ், சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையுள்ளது. அது படிவுப் பாறையிலிருந்து வந்ததல்ல. பெரும்பகுதி கிரானைட் வகைத் தீப்பாறைகள். வெவ்வேறு காலத்தில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, பிறகு எல்லாம் சேர்ந்து இழுபட்டுத் தட்டையானவை. குறுக்கும் நெடுக்குமாக இருந்த நரம்புகள்கூட, இழுப்பு போதுமான அளவு இருந்தால் ஒரே திசையில் ஓடும் வரிகளாகிவிடும்.

சேலத்தை அடுத்த கஞ்சமலை இதற்கு நேரெதிர். அங்கே வெள்ளைக் குவார்ட்ஸும் கருப்பு மேக்னடைட்டும் மாறிமாறி வரும். இந்த வரி உருமாற்றத்தில் பிறந்ததல்ல. பழங்கடலில் இரும்பும் சிலிக்காவும் மாறிமாறிப் படிந்த அடுக்கு, மடிந்து சுருண்டும் அழியாமல் நிற்கிறது. உருமாற்றம் அங்கே செய்தது மணிகளைப் பெரிதாக்கியது மட்டும். அதனால் ஒரு லாபம் உண்டு: தாதுவில் இரும்பு நூற்றுக்கு 35 முதல் 40 பங்குதான் என்றாலும், மேக்னடைட் மணிகள் பெரிதாக இருப்பதால் பொடித்துக் காந்தத்தால் பிரித்துவிடலாம்.

மூன்றாவது வழி பகுதி உருகல். நீஸ் இன்னும் சூடேறினால் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் முதலில் உருகி வெளிர் நரம்பாக ஒதுங்கும். உருகாத கரும்பகுதி ஓரத்தில் தங்கும். இந்த அரைகுறைக் கல் மிக்மடைட். வெளிர் நரம்பை ஒட்டி இருபுறமும் மெல்லிய கருங்கரை ஓடினால், அந்த உருகல் அதே இடத்தில் பிறந்தது என்று கொள்ளலாம். கரை இல்லாவிட்டால் அது வெளியிலிருந்து நுழைந்ததாக இருக்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பாரடைசோ என்ற பெயரில் ஏற்றுமதியாகும் அலை அலையான கல் இந்த வகை. கடையில் அதற்கும் பெயர் கிரானைட்தான். பாலிஷ் ஏறும் கடினக் கல் எதுவானாலும் வியாபாரத்தில் கிரானைட். அதைத் திருத்தப் புறப்படுவது வீண் வேலை. வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: வரியுள்ள ஒரே பாளத்தை வரிக்குக் குறுக்கே அறுத்தால் கோடு கோடாக வரும், வரியோடு இணையாக அறுத்தால் மேகம்போல் பரந்து வரும். மாதிரித் துண்டைப் பார்த்து வாங்கிவிட்டு, வந்து இறங்கிய பலகை வேறு கல் என்று சண்டைபோடுவது பல நேரம் இதனால்தான்.

வரியில்லாத கற்கள்

வரி இல்லாமல் போவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, திசை நெருக்கலே இல்லை. எரிமலைக் குழம்பு ஒரு சேற்றுப் பாறைக்குள் நுழைந்து அதைப் பக்கத்திலிருந்து சுடும்போது, செங்கல் சூளையில் நடப்பதுபோல், சூடு மட்டும் வேலை செய்கிறது. கிடைப்பது ஹார்ன்ஃபெல்ஸ்: கரிய, நுண்மணியான, எந்தத் திசையிலும் ஒரே மாதிரி உடையும் கல். இந்தச் சூட்டு வளையத்தின் அகலம் குழம்பின் பருமனைப் பொறுத்தது. விரிசலில் குழம்பு நுழைந்து உறைந்த மெல்லிய கருங்கல் சுவரை ஒட்டி அது சில சென்டிமீட்டர், பெரிய கிரானைட் திரளைச் சுற்றிச் சில கிலோமீட்டர்.

இரண்டாவது காரணம், நெருக்கல் இருந்தும் வரிசையாக நிற்கத் தகடு வடிவக் கனிமம் இல்லை. சலவைக்கல்லில் முழுக்கக் கால்சைட், குவார்ட்சைட்டில் முழுக்கக் குவார்ட்ஸ். இரண்டின் மணிகளும் எல்லாப் பக்கத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு; மூன்று மணிகள் சந்திக்கும் இடத்தில் 120 டிகிரிக் கோணத்தில் பொருந்தி நிற்கும். வெறும் கண்ணுக்கு வரி தெரியாது. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் மணிகளுக்குள் அணு அடுக்கின் அச்சுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரியும். ஆகவே வரி தெரியவில்லை என்பதாலேயே நெருக்கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சுண்ணாம்புக்கல்லைத் திறந்த சூளையில் 900 டிகிரிக்குச் சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். பூமிக்குள் ஏன் அப்படி ஆவதில்லை? வாயு வெளியேற வழியில்லை. அதன் அழுத்தமே மேற்கொண்டு சிதைவதைத் தடுக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஜேம்ஸ் ஹால் சுண்ணாம்பை அடைத்த துப்பாக்கிக் குழாயில் வைத்துச் சுட்டு, சலவைக்கல் போன்ற பொருள் கிடைப்பதைக் காட்டினார். மதுக்கரையிலும் திருநெல்வேலி தாழையூத்திலும் சிமென்ட் ஆலைகளுக்கு வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் உண்மையில் உருமாறிய, பெருமணிச் சுண்ணாம்புக்கல்தான். அதில் குவார்ட்ஸ் கலந்திருந்தால் உருமாற்றத்தின்போது இரண்டும் சேர்ந்து வொலஸ்டோனைட், மக்னீசியமும் இருந்தால் டயாப்சைட் போன்ற சிலிகேட்டுகள் உண்டாகும். ஆலைக்கு அது தொல்லை. சிலிக்காக் கணக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

வெள்ளையாக, பளபளப்பாக இருக்கும் இரண்டு கற்களில் எது சலவைக்கல், எது குவார்ட்சைட் என்று தெரிய ஆய்வகம் வேண்டாம். எஃகுக் கத்தியால் கீறினால் சலவைக்கல்லில் கோடு விழும். குவார்ட்சைட்டில் கத்தியின் உலோகம்தான் தேய்ந்து கல்லில் ஒட்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் சலவைக்கல் நுரைக்கும். டாலமைட் வகையானால் நேரே நுரைக்காது. கொஞ்சம் பொடியாக்கி விட வேண்டும். சமையலறை மேடையில் எலுமிச்சையோ புளியோ பட்ட இடம் மங்கினால் அது கால்சைட் உள்ள கல். மணற்கல்லையும் குவார்ட்சைட்டையும் பிரிக்க உடைந்த முகத்தைப் பாருங்கள். மணற்கல்லில் உடைப்பு மணியைச் சுற்றிப் போகும், முகம் சொரசொரக்கும். குவார்ட்சைட்டில் மணியை ஊடுருவிப் போகும், முகம் கண்ணாடிபோல் வழவழக்கும்.

சார்னோகைட்: நீர் போன கல்

பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம், பம்மல் வட்டாரக் குவாரிகள் பல காலம் சென்னைக்கு ஜல்லி கொடுத்தவை. அந்தக் கருங்கல்தான் சார்னோகைட். கல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் கல்லறை இருக்கிறது. அதன் கல் சென்னைப் பகுதியிலிருந்து போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பெயரையே பாறைக்கும் வைத்தார். 1900-இல் விரிவாக எழுதினார். பரங்கிமலையின் சார்னோகைட் இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

புதிதாக உடைத்த துண்டைப் பார்த்தால் கரும்பச்சை, எண்ணெய் தடவியது போன்ற மினுக்கு. குவார்ட்ஸ் நீலம் கலந்திருக்கும், ஃபெல்ட்ஸ்பார் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இல்லாமல் பச்சை கலந்திருக்கும். வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்போ பழுப்பாகவும் வெளிறியும் சாதாரண நீஸ் போலவே தெரியும். சார்னோகைட்டை இனங்காண முடியாமல் போவது பெரும்பாலும் மேல்தோலை மட்டும் பார்ப்பதால்தான். சுத்தியலால் தட்டி உள்முகத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

வேதியியலில் இது ஏறத்தாழ கிரானைட். வேறுபாடு ஒரே கனிமத்தில்: கிரானைட்டில் இருக்கும் பயோடைட் மைக்காவின் இடத்தில் இங்கே ஆர்த்தோபைராக்சீன், பழைய பெயரில் ஹைப்பர்ஸ்தீன். பயோடைட்டின் அமைப்புக்குள்ளேயே நீர் உண்டு. அது குவார்ட்ஸோடு சேர்ந்து சிதைந்தால் ஆர்த்தோபைராக்சீனும் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரும் உண்டாகி நீர் வெளியேறும். இதற்கு 700, 750 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கூடவே அந்த நீர் தங்காமல் போகவும் வேண்டும், ஏனென்றால் தங்கினால் பாறை உருகிவிடும். நீர் எப்படிப் போனது என்பதில்தான் ஒரு நூற்றாண்டுச் சண்டை. ஹாலண்ட் இதைத் தொடக்கத்திலிருந்தே வறண்ட தீப்பாறை என்றார். பகுதி உருகலில் பிறந்த குழம்பு நீரைக் கரைத்து எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டது என்பது இன்னொரு விளக்கம். கீழிருந்து வந்த கரியமில வாயு நீரை விரட்டியது என்பது மூன்றாவது. இத்தகைய பாறைகளின் குவார்ட்ஸுக்குள் அடைபட்ட நுண்குமிழிகளில் கரியமில வாயு இருப்பது அதற்குச் சாதகம். மூன்றுமே வெவ்வேறு இடங்களில் நடந்திருக்கின்றன என்று கொள்வதுதான் சான்றுகளோடு ஒத்துப்போகிறது. ஒரே விளக்கத்தை எல்லா மலைக்கும் பொருத்தப் பார்த்ததால்தான் சண்டை இவ்வளவு நீண்டது.

மாற்றம் பாதியில் நின்றுபோன இடம் ஒன்று இருக்கிறது. கர்நாடகத்தின் கப்பல்துர்காவில், 1960-இல் புவியியலாளர் சி. எஸ். பிச்சமுத்து விவரித்த குவாரி. சாம்பல் நிற நீஸ், ஒழுங்கான வரிகளோடு ஓடிக்கொண்டே வரும்; ஒரு விரிசலை ஒட்டிச் சட்டென்று கரும்பச்சைத் திட்டு. திட்டின் விளிம்பில் வரிகள் மங்குகின்றன. ஒரு சாண் உள்ளே போனால் வரியே இல்லை. மணி பெருத்திருக்கிறது, மைக்கா போய் பைராக்சீன் வந்திருக்கிறது. நீஸின் வரி அந்தத் திட்டுக்குள் தொடர்வதைச் சில இடங்களில் நிழல்போல் காணலாம். ஆகவே நீஸ் முந்தியது, சார்னோகைட் பிந்தியது. வரியைக் காட்டிக்கொண்டிருந்த தகட்டுக் கனிமம் போய்விட்டதால் வரியும் போயிற்று. பல்லாவரத்துக் கல் பெரும்பாலும் வரியற்று இருப்பதற்கும் இந்த மைக்கா வறட்சி ஒரு காரணம்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, சேர்வராயன், சென்னை வட்டாரம் ஆகியவற்றின் சார்னோகைட் உருமாற்றம் சுமார் 250 கோடி ஆண்டுக்கு முந்தையது. நீலகிரியிலேயே தெற்கிலிருந்து வடக்கே மோயாறு நோக்கிப் போகப் போகக் கனிமங்கள் காட்டும் அழுத்தம் 6, 7 கிலோபாரிலிருந்து 9, 10 கிலோபார் வரை ஏறுகிறது. இன்று தேயிலை விளையும் மேற்பரப்பு ஒருகாலத்தில் 25 முதல் 35 கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்திருக்கிறது. தெற்கே மதுரை, பழனிமலைப் பகுதிகள் சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன், தென்கண்டங்கள் கூடிய கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது மீண்டும் வெந்தவை. இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகளும் அதே காலத்தவை. பழனிமலையில் சஃபிரின் என்ற அரிய கனிமம் குவார்ட்ஸோடு சேர்ந்து கிடைக்கும் இடங்கள் 900 டிகிரியைத் தாண்டிய சூட்டைக் காட்டுகின்றன.

இதே வட்டாரத்தின் சேற்றுப் பாறைகள் என்னவாயின? கோண்டலைட் ஆயின: கார்னட், சில்லிமனைட், பல இடங்களில் கிராஃபைட்டும் உள்ள நீஸ். பழஞ்சேற்றின் கரிமப் பொருள்தான் பெரும்பாலும் அந்தக் கிராஃபைட்டாகத் தகடு கட்டியது. சிவகங்கையில் வெட்டி எடுக்கப்படுவது அத்தகைய தகட்டுக் கிராஃபைட். கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கடற்கரைகளில் சிவக்கும் கார்னட் மணலும் இப்படிப்பட்ட பாறைகள் உதிர்ந்து வந்ததே. கார்னட்டும் சில்லிமனைட்டும் தேயாது. இடையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும். சார்னோகைட் நிற்கும் இடத்தில் கோண்டலைட் உதிர்வது அதனால்தான். ஒடிசாவின் கோனார்க் கோயில் சிற்பங்கள் இவ்வளவு அரிக்கப்பட்டதற்குக் கடற்காற்றோடு கல்லின் இந்தக் குணமும் ஒரு காரணம். அது கோண்டலைட்டில் எழுந்த கோயில்.

மேலே வரும்போது அழியாதது ஏன்

நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி: 30 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும் வழியில் கல் ஏன் மறுபடி ஸ்லேட்டாகிவிடவில்லை? ஏறும்போது வெளியேறிய நீர் திரும்பி வரவில்லை. நீரில்லாமல் மறுமாற்றம் நடக்காது. அதனால் கல் தன் உச்சச் சூட்டின் கனிமங்களோடேயே மேலே வருகிறது. ஓரளவு மாறினாலும் அது விளிம்பில் மட்டும். கருங்கிரானுலைட்டுகளில் கார்னட்டைச் சுற்றிப் பைராக்சீனும் பிளேஜியோகிளேசும் புழுப்போல் பின்னிய மெல்லிய வளையம் தெரிந்தால், சூடு குறைவதற்கு முன்பே அழுத்தம் குறைந்திருக்கிறது, அதாவது பாறை வேகமாக மேலேறியிருக்கிறது என்று பொருள். விரிசல் வழியாக நீர் நுழைந்த இடங்களில் சார்னோகைட் வெளுத்து, பைராக்சீன் ஹார்ன்பிளண்டாகவும் பயோடைட்டாகவும் திரும்பியிருக்கும். சேலம், ஓமலூர்ப் பக்கத்து மாக்கல்லும் நீர் செய்த வேலைதான்: மக்னீசியம் மிகுந்த கரும்பாறைக்குள் நீரும் கரியமில வாயுவும் நுழைந்து டால்க் உண்டாக்கியிருக்கின்றன. கல்சட்டி கடையத் தோதாக அது மென்மையாக இருப்பது டால்க்கால்.

மோயாறு, பவானி, காவிரி வழியே ஓடும் பெரும் நழுவுமண்டலங்களில், அதாவது இருபக்கப் பாறைகளும் ஒன்றையொன்று கடந்து நழுவிய பட்டைகளில், வேறொரு இழையமைப்பு கிடைக்கிறது: மைலோனைட். 1885-இல் சார்லஸ் லாப்வொர்த் ஸ்காட்லாந்தில் இதற்குப் பெயரிட்டபோது பாறை அரைபட்டு மாவானது என்று கருதினார். உண்மையில் பெரும்பகுதி அரைபடவில்லை, குழைந்து நழுவியது. சுமார் 300 டிகிரியிலேயே குவார்ட்ஸ் இழுபட்டு ரிப்பனாகும். ஃபெல்ட்ஸ்பார் குழைய 450, 500 டிகிரி வேண்டும். இடைப்பட்ட சூட்டில் குவார்ட்ஸ் ஓடும், ஃபெல்ட்ஸ்பார் ஓடாது. அதனால் வளைந்தோடும் வரிகளுக்கு நடுவே கண்வடிவ ஃபெல்ட்ஸ்பார்கள் நிற்கும். அந்தக் கண்ணின் வால் எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்து எந்தப் பக்கத்துப் பாறை எந்தத் திசையில் நகர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

குவாரியிலும் கான்கிரீட்டிலும்

இழையமைப்பு கட்டுமானத்தில் பணமாகத் தெரியும். வரியற்ற சார்னோகைட்டைக் கிரஷரில் போட்டால் ஜல்லி ஓரளவு கனசதுரமாக விழும். மைக்கா மிகுந்த நீஸும் சிஸ்ட்டும் தட்டையாக விழும். இந்தியத் தர விதிப்படி, ஒரு துண்டின் மிகச் சிறிய பரிமாணம் அதன் சராசரி அளவின் ஐந்தில் மூன்று பங்குக்குக் குறைந்தால் அது தட்டை ஜல்லி. தட்டை ஜல்லி அதிகமானால் கான்கிரீட் சரியாக இறங்காது, கூடுதல் நீர் கேட்கும், தார்ச்சாலையில் உருளையின் கீழே முறியும். எம்-சாண்டில் மைக்கா கலந்தாலும் இதே கதை: தகடுகள் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும், சிமென்ட் அவற்றில் ஒட்டாது.

இன்னொரு கோளாறு கண்ணுக்கே தெரியாது. மைலோனைட்டிலும் நன்றாக இழுபட்ட நீஸிலும் உள்ள குவார்ட்ஸின் அணு அடுக்கு திரிந்திருக்கும். நுண்ணோக்கி மேடையைச் சுழற்றும்போது ஒரே மணியில் இருட்டு ஒரேயடியாக விழாமல் அலைபோல் நகர்ந்து போகும். இப்படித் திரிந்த குவார்ட்ஸ் சிமென்ட்டின் காரத்தோடு மிக மெதுவாக வினைபுரிந்து, ஈரத்தை உறிஞ்சி வீங்கும் கூழ்மத்தை உண்டாக்குகிறது. ரிஹண்ட், ஹிராகுட் அணைகளின் கான்கிரீட்டில் பதிவான விரிசல்களுக்கு இந்தக் கார வினை காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நசுக்கு வலிமைச் சோதனையில் இந்த ஜல்லி நன்றாகவே தேறிவிடும். பல ஆண்டு கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும். ஈரத்திலேயே நிற்கப்போகும் கட்டடத்துக்குப் புதிய குவாரிக் கல்லை எடுப்பவர்கள், வலிமை அறிக்கையோடு மெல்லிய சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்த அறிக்கையையும் கேட்க வேண்டும். நழுவுமண்டலத்தை ஒட்டிய குவாரியானால் ஒரு முகத்திலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால் போதாது. சில நூறு மீட்டருக்குள்ளேயே வரியற்ற சார்னோகைட் மைலோனைட்டாக மாறியிருக்கும்.